கவ்வாத்துக் கத்தியும் பட்டாளத்துக் கவாத்தும்

'கவாத்து' என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. பட்டாளத்தார் வரிசையாக நின்று, அதிகாரியின் குரலுக்கேற்பக் கால் மாற்றி நடந்து பழகுவது ஒன்று. செடியின் கிளைகளை வெட்டிச் சீர்செய்வது மற்றொன்று. ஹட்டன் பக்கத்துச் சிறுவனிடம் கேட்டால் முதற் பொருளை அவன் அறியவே மாட்டான். வளைந்த கத்தியை எடுத்துக்கொண்டு ஆண்கள் மலைக்குப் போய், தேயிலைச் செடிகளை மொட்டையடிக்கும் வேலை என்றுதான் சொல்வான். போதாக்குறைக்கு ஒரு வகர ஒற்றையும் சேர்த்து, 'கவ்வாத்து' என்று அழுத்தியும் உச்சரிப்பான்.

இரண்டாவது மகா யுத்தகாலத்து மலைநாட்டுக் கதைகளைக் கேட்கும் போதெல்லாம் இந்த ஒரு சொல்லின் இரட்டைப் பொருள் எமக்கு நினைவுக்கு வருகின்றது. அக்காலத்தில் அரைக்காற்சட்டையுடன் லயத்து வாசலில் ஓடித் திரிந்தவர்கள் இன்று தொண்ணூறு வயதை நெருங்கியோ கடந்தோ இருக்கிறார்கள். அவர்களுள் சிலர் வாயாலும், அவர்களின் மக்கள் வாயாலும் நாம் கேட்ட கதைகளில் துப்பாக்கியும் பீரங்கியும் மிகக் குறைவு. சிரிப்பே மிகுதி. பட்டாளக் கதை என்று தொடங்கி ரொட்டிக் கதையில் முடிப்பார்கள். ஆனால் அந்தச் சிரிப்புக்கு உரிய ஆண்டுகளே பின்னர் ஒரு பெரிய வழக்குக்கும் உரிய ஆண்டுகளாயின. அதனைப் பின்னர் சொல்வோம்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பட்டாளத்து ஒழுங்கு புதிதாக இருந்திராது என்பது எமது துணிபு. பொழுது புலருமுன்னே தப்பு முழங்கும். அம்முழக்கம் கேட்டதும் ஆணும் பெண்ணும் எழுந்து, சாயத் தண்ணீரைக் குடித்துவிட்டு, கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு பிரட்டுக்களத்துக்கு விரைவர். ஆங்கிலேயரின் 'பரேட்' என்ற சொல்லே நம்மவர் நாவில் உருண்டு 'பிரட்டு' ஆயிற்று என்பர். அங்கே கங்காணி தம் ஆட்களை நிறுத்துவார். கணக்கப்பிள்ளை மலை பிரித்து வேலை கொடுப்பார். செக்ரோலில் பேர் விழும். பிந்தி வந்தவரைத் திருப்பி விரட்டினால் அன்றைய பேரும் இல்லை, அன்றைய சம்பளமும் இல்லை. பாதி நாள் வேலைக்கு அரைப்பேர். குடியிருக்கும் வீடோ, ஒரே கூரையின் கீழ் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் காம்பராக்களின் வரிசை. இத்தனையையும் சொல்லி, இது எந்த இடம் என்று ஓர் அந்நியரைக் கேட்டால், 'ஏதோ படைமுகாம்' என்றுதான் விடை பகர்வார். சீருடையும் பென்சனும் மட்டுமே குறை.

உண்மையான பட்டாளத்துக் கவாத்துப் பழகியவர்கள் துரைமார்கள். 'சிலோன் பிளாண்டர்ஸ் ரைபிள் கோர்' என்ற தொண்டர் படை 1900ஆம் ஆண்டில் எழுந்தது. ஐரோப்பியத் தோட்டத்துரைமாரே அதன் வீரர்கள். தென்னாபிரிக்காவில் நடந்த போயர் யுத்தத்துக்கு அவர்கள் போனார்கள். 1915இல் கலிப்போலியில் ஜெனரல் பேர்ட்வுட்டுக்கு மெய்க்காவல் புரிந்தார்கள். வாரம் முழுவதும் பிறரைப் பிரட்டுக்களத்தில் நிறுத்திய துரை, ஓய்வு நாளில் தாமே வரிசையில் நின்று வேறொருவரிடம் அதட்டு வாங்குவார் என்பதை அறிந்த தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எத்துணை ஆனந்தம் இருந்திருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். இரண்டாவது மகா யுத்தம் மூண்டதும் பல துரைமார் படைக்குச் சென்றுவிட்டனர். அந்தப் படையணி 1949இல் கலைக்கப்பட்டது.

யுத்தம் 1939 செப்டம்பரில் தொடங்கிற்று. அதற்கு ஒரு மாதம் முன்னரே, ஆகஸ்டில், கைத்தொழில் தேர்ச்சியற்ற தொழிலாளர் இலங்கைக்குப் புறப்படுவதை இந்திய அரசாங்கம் தடைசெய்துவிட்டது. திருச்சியிலும் சேலத்திலும் மதுரையிலும் உறவை வைத்துக்கொண்டு இங்கே கொழுந்தெடுத்தவர்களுக்கு, 'ஊருக்குப் போய்விட்டு வருகிறேன்' என்ற வார்த்தையில் 'வருகிறேன்' என்பது அன்று முதல் நிச்சயமற்றதாயிற்று. 1940 ஜனவரி 10ஆந் திகதி ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில், சம்பள உயர்வு கேட்டு எழுந்த வேலைநிறுத்தத்தின் போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் குண்டுக்குப் பலியானார். ஜெர்மானியரின் குண்டோ ஜப்பானியரின் குண்டோ மலைநாட்டை எட்டுமுன்னர் எட்டிய குண்டு அதுதான். இந்தக் கதையைச் சொல்லும் போது மட்டும் பெரியவர்கள் சிரிப்பதில்லை.

சீமையிலோ தேயிலைக்குத் தட்டுப்பாடு. 1940 ஜூலை முதல் பிரிட்டனில் ஆளொன்றுக்கு வாரத்துக்கு 2 அவுன்ஸ் தேயிலை என்று பங்கிட்டார்கள். இதனை வைத்து ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாணவர்கள் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளட்டும். ஒரு பெண் நாளொன்றுக்கு 30 இறாத்தல் பச்சைக் கொழுந்து எடுத்தாள் என்று கொள்வோம். நாலு, நாலரை இறாத்தல் கொழுந்து வாடி, அரைபட்டு, காய்ந்து ஓர் இறாத்தல் தேயிலையாகும். ஆகவே அவளுடைய ஒருநாள் உழைப்பு ஏறக்குறைய 7 இறாத்தல் தேயிலை. அதாவது 112 அவுன்ஸ். ஒரு நாள் மழையில் நனைந்து அவள் கூடையை நிரப்பினால் லண்டன் மாநகரத்தில் 56 பேர் ஒரு வாரம் தேநீர் அருந்தலாம். குண்டு விழும் இரவுகளில் நிலத்தடி நிலையங்களில் பதுங்கியிருந்த அந்த 56 பேருக்கும், தங்கள் கோப்பையின் மறுமுனையில் தலவாக்கலையில் ஒரு பெண் நிற்கிறாள் என்பது தெரிந்திருக்க நியாயமில்லை. அவளோ அடியில் தங்கிய தூளைக் கொதிக்க வைத்த சாயத் தண்ணீரைக் குடித்துவிட்டு மறுநாட் காலையில் மீண்டும் பிரட்டுக்குப் போயிருப்பாள்.

1942 பிறந்தது. பெப்ரவரி 15இல் சிங்கப்பூரும் மார்ச் 8இல் ரங்கூனும் ஜப்பானியர் வசமாயின. ஏப்ரல் 4ஆந் திகதி கொக்கலையிலிருந்து 'கற்றலீனா' விமானத்தில் ரோந்து சென்ற கனடா தேசத்து விமானி லெனார்ட் பேர்ச்சோல், இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்த ஜப்பானியக் கடற்படையைக் கண்டார். அவருடைய விமானம் சுடப்பட்டு வீழ்வதற்கு முன்னே செய்தியை அனுப்பிவிட்டார். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பின் மீது குண்டுகள் விழுந்தன. ஏப்ரல் 9ஆந் திகதி திருகோணமலை தாக்கப்பட்டது. அன்றே 'ஹெர்மிஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிற்று. இவ்விரண்டு தாக்குதல்களுக்கும் நடுவே, ஏப்ரல் 7ஆந் திகதி இரவு, கண்டி போகம்பரைச் சிறையில் அடைபட்டிருந்த சமசமாஜத் தலைவர்கள் என்.எம். பெரேரா, பிலிப் குணவர்த்தனா, கொல்வின் ஆர். டி சில்வா, எட்மண்ட் சமரக்கொடி ஆகிய நால்வரும் சிறைக்காவலர் ஒருவரின் துணையுடன் வெளியேறி மறைந்தனர். கூண்டை விட்டுப் பறந்த கொல்வின் 1970இல் பெருந்தோட்டத்துறை அமைச்சராகித் தோட்டங்களுக்கே பொறுப்பாளரானது வேறொரு வேடிக்கை.

குண்டுக்கு அஞ்சிய கொழும்பு வாசிகள் ரயிலேறினர். வடக்கே போனவர்களும் உண்டு. தலைமன்னார் வழியாக இந்தியாவுக்குக் கடந்தவர்களும் உண்டு. மலைக்கு வந்தவர்களும் உண்டு. ரோயல் கல்லூரியின் ஒரு பகுதி பண்டாரவளைக்கு ஏறிற்று. சென் தோமஸ் கல்லூரிக்கு அந்த ஆண்டிலேயே குருத்தலாவையில் ஒரு கிளை உண்டாயிற்று. பட்டணத்துப் பிள்ளைகள் குளிரில் பல் கிட்டிப் போய்க் கம்பளிச் சட்டைக்குள் ஒடுங்குவதைக் கண்டு, வெறுங்காலுடன் நின்ற மலைப்பிள்ளைகள் நகைத்ததாகச் சொல்வார்கள். யுத்தத்தினால் மலைப்பிள்ளைகளுக்குக் கிட்டிய முதல் வெற்றி இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

எதிரியின் விமானத்தைக் காட்டிலும் மலைநாட்டை மெய்யாகவே தாக்கியது அரிசிப் பஞ்சம். யுத்தத்துக்கு முன் இலங்கை உண்ட அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கடல் கடந்து வந்தது. அதிலும் பெரும்பகுதி பர்மா அரிசி. ரங்கூன் விழுந்ததும் அந்த வாசல் மூடப்பட்டது. பங்கீடு வந்தது, கூப்பன் வந்தது. சம்பளத்தில் கழித்துக்கொண்டு தோட்டத்திலேயே அரிசி போடும் வழக்கம் முன்னரே இருந்ததனால், வரிசையில் சாக்குடன் நிற்பது தோட்டத்தாருக்குப் புதிதன்று. படி குறைந்ததுதான் புதிது. குறைந்த அரிசிக்கு ஈடாக வந்தவை இரண்டு: ஒன்று கோதுமை மா, மற்றொன்று 'பஜிரி'.

இந்தப் பஜிரியின் கதை சுவையானது. சிங்கள நண்பர்களின் யுத்தகால நினைவுகளிலும் இந்தப் பெயர் தவறாமல் வரும். முகஞ்சுளிக்காமல் அதனைச் சொன்னவரை நாம் கண்டதில்லை. இது என்ன தானியம், எப்படிச் சமைப்பது என்று ஊரெல்லாம் விழித்தபோது, லயத்துப் பாட்டிமார் ஒரு பிடியை எடுத்து உள்ளங்கையில் ஊதிப் பார்த்தார்களாம். பார்த்ததும் தெரிந்துவிட்டது. வடநாட்டில் பஜ்ரா என்பது நம் ஊர்க் கம்புதான்! புழுதிக் காட்டில் விளைந்து, உரலில் இடிபட்டு, கூழாகவும் களியாகவும் தலைமுறை தலைமுறையாகத் தின்ற அதே கம்பு. ஒரு பாட்டி சொன்னதாகப் பெரியவர் ஒருவர் எம்மிடம் கூறியதை அப்படியே தருகிறோம்: "இந்தக் கம்மஞ் சோத்துக்குப் பயந்துதானேடா கண்டிச்சீமைக்குக் கப்பலேறி வந்தோம். இது நமக்கு முன்னாடி வந்து குந்திக்கிட்டு இருக்கே!"

கம்பை இடிக்கத் தெரிந்தவளுக்கு அன்று லயத்தில் பெருமதிப்பு. அவள் வாசலில் மற்றப் பெண்கள் கூடி நின்றனர். நெல்லுச் சோறு கண்டபின் மறந்துபோன விரதமெல்லாம் மீண்டும் வந்ததாகச் சொல்லிச் சிரித்தனர். பிள்ளைகள் மட்டும் சிரிக்கவில்லை. அவர்களுடைய படைவேலை அதுதான்: உமி போகப் புடைப்பது, கல் பொறுக்குவது, மாவை அரித்துப் புழுவை நீக்குவது, விறகு சுமப்பது. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த எந்தச் சிப்பாயின் கதையைக் கேட்டாலும், அதிலே பாதி உருளைக்கிழங்குத் தோல் சீவியதும் பித்தளைப் பொத்தான் துலக்கியதுமாகவே இருக்கும். அவ்வகையில் பார்த்தால் லயத்துப் பிள்ளைகளும் சேவை புரிந்த சிப்பாய்களே.

கோதுமை மா வந்தது, போகவேயில்லை. தேங்காயைத் துருவிப் போட்டுப் பிசைந்து, கையாலே தட்டி, கல்லிற் போட்டுச் சுட்ட தடித்த ரொட்டியும், அம்மியில் அரைத்த மிளகாய்ச் சம்பலும் தோட்டத்து அடுப்பில் நிரந்தரமாக அமர்ந்தது அந்நாட்களில்தான் என்பது பெரியோர் கூற்று. காலையிற் சுட்டதைத் துணியிற் சுற்றி மலைக்குக் கொண்டு போகலாம். மதியம் வரை கெடாது. ஒன்று தின்றால் பசி தாங்கும். மலையக உணவு என்று இன்று விருந்தாளிகளுக்கு உவந்து படைக்கும் ரொட்டி, பர்மா அரிசி வராத குறைக்கு வந்த விருந்தாளி! தோட்டக்காணியில் உணவுப் பயிர் செய்யுமாறும் ஊக்கினார்கள். தாழ்ந்த இடங்களில் மரவள்ளி கைகொடுத்தது. ஆறாயிரம் அடி உயரத்து நுவரெலியாவில் மரவள்ளிக்கும் குளிர் பொறுக்காது. அங்கே உருளைக்கிழங்குதான் கதி.

இனிப் பட்டாளத்தாரைப் பார்ப்போம். ஹட்டனிலிருந்து நானுஓயா வழியாக மேலேறிச் செல்லும் ரயில், பட்டிப்பொலையைக் கடந்து ஊவாப் பக்கம் இறங்கித் தியத்தலாவையைச் சேரும். 1900ஆம் ஆண்டில், போயர் யுத்தத்தில் பிடிபட்ட ஏறக்குறைய 5000 கைதிகளை அங்கே கொண்டுவந்து வைத்திருந்தனர். இரண்டாவது யுத்தத்தில் அதே தியத்தலாவை, களைத்த மாலுமிகள் இளைப்பாறும் இடமாயிற்று. பிரிட்டிஷ் கடற்படையில் ஒரு விசித்திர மரபு உண்டு: கரையிலுள்ள முகாமுக்கும் கப்பலைப் போலவே பெயர் சூட்டுவார்கள். அதன்படி இந்த முகாமின் பெயர் 'எச்.எம்.எஸ். ஊவா'. நாலாயிரம் அடி உயரத்தில், கடலைக் கண்ணாலும் காணாத புல்மலையில், ஒரு கப்பல்! வெள்ளைச் சட்டை மாலுமிகள் ரயிலில் மலையேறுவதைக் கண்ட சிறுவன், கப்பல் எங்கே என்று கேட்டால் தகப்பன் என்ன விடை சொல்லியிருப்பான்? நோவாவின் பேழையும் மலையுச்சியில்தான் தங்கிற்று என்று மிஷன் பள்ளி வாத்தியாராவது சமாளித்திருப்பார்.

தோட்டத்து பங்களாக்களிலும் மாலுமிகள் விருந்தினராக வந்து தங்கினர். அடுப்படியில் வேலை செய்தவர்கள் வழியாக அவர்களுடைய விநோதங்கள் லயம் வரை வந்து சேரும். ராணுவ லொறி வந்தால் பிள்ளைகள் பாதையோரத்தில் அணிவகுத்து நின்று சலாம் வைப்பார்களாம். அதற்குப் பரிசாக எப்போதாவது ஒரு பிஸ்கோத்து விழும். பல்லுக்கு அடங்காத அந்தப் பிஸ்கோத்தைச் சாயத் தண்ணீரில் ஊறவைத்தே உண்ண வேண்டும் என்று கண்டுபிடித்தவரின் பெயர் வரலாற்றில் இல்லை.

1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபு, தென்கிழக்காசியப் படைத்தலைமையகத்தை டில்லியிலிருந்து கண்டிக்கு மாற்றினார். பேராதனைப் பூந்தோட்டத்தில் அலுவலகக் கொட்டகைகள் எழுந்தன. படையினரின் பொழுதுபோக்குக்காகக் கொழும்பில் ஏற்பட்ட 'ரேடியோ சீயாக்' நிலையத்தின் வலிமை மிக்க கருவிகள், யுத்தம் முடிந்தபின் ரேடியோ சிலோனுக்கு வந்து சேர்ந்தன. தமிழ்நாட்டுக் குக்கிராமங்களிலும் இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை தெளிவாகக் கேட்டதென்றால், அதற்குச் சிப்பாய்களுக்கும் ஒரு வகையில் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

கித்துள்கலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹட்டனிலிருந்து கினிகத்தேனை வழியாக அவிசாவளைக்கு இறங்கும் பாதையில், களனி கங்கையின் கரையில் உள்ளது அவ்வூர். அங்கேதான் டேவிட் லீன் 'குவாய் நதிப் பாலம்' என்ற திரைப்படத்துக்குப் பெரிய மரப்பாலம் ஒன்றைக் கட்டுவித்து, 1957 மார்ச்சில் மெய்யான ரயிலுடன் வெடிவைத்துத் தகர்த்தார். முதல் முறை வெடிக்கவில்லையாம். ரயில் சாவதானமாகப் பாலத்தைக் கடந்து மறுகரையில் போய் மோதிற்று. மறுமுறை வெற்றி. படம் ஏழு ஒஸ்கார் பரிசுகளை வென்றது. உல்லாசப் பிரயாணிகள் இன்றும் அந்த இடத்தைத் தேடி வருகிறார்கள்.

ஆனால் அந்தக் கதைக்கு மூலமான சயாம் - பர்மா ரயில் பாதை, 415 கிலோமீட்டர், 1942-43இல் ஜப்பானியரால் மெய்யாகவே போடப்பட்டது. வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் அதில் வதைபட்டனர்; 12,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களைவிடப் பல மடங்கு ஆசியத் தொழிலாளர் அங்கே இருந்தனர். மலாயாவிலிருந்து மட்டும் 70,000 பேருக்கு மேல். அவர்களிற் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டத்துத் தமிழர். வாந்திபேதியிலும் பட்டினியிலும் ஆயிரமாயிரமாக மடிந்தனர். மூல நாவலை எழுதிய பிரெஞ்சுக்காரர் பியர் பூல் யுத்தத்துக்கு முன் மலாயாவின் ரப்பர்த் தோட்டத்தில் வேலை பார்த்தவர். தமிழ்த் தொழிலாளரைப் பார்க்காதவர் அல்லர். எனினும் வெள்ளித்திரையில் நாம் காண்பது போர்க்கைதிகளின் கதையே. ஒரே ஊர்ப்புறத்தில் பிறந்த ஒருவன் கண்டிச்சீமையில் கவ்வாத்துக் கத்தி பிடித்தான். மற்றொருவன் சென்னைப் பட்டாளத்தில் சேர்ந்து கவாத்துப் பழகினான். மூன்றாமவன் மலாயாவுக்குக் கப்பலேறினான். மூன்றாமவனிடமிருந்து கடிதம் வராமற்போன வீடுகள் தமிழ்நாட்டில் மட்டுமன்று, நம் மலைகளிலும் இருந்திருக்கும். கித்துள்கலையில் வெடித்த பொய்ப்பாலத்தின் சத்தத்தைச் சுற்றுமலைத் தோட்டங்களில் கேட்டவர்களுக்கு அந்த மெய்ப்பாலத்தின் செய்தியை எவரும் சொல்லவில்லை.

முன்னே சொன்ன வழக்குக்கு இப்போது வருவோம். யுத்தம் 1945இல் முடிந்தது. சுதந்திரம் 1948 பெப்ரவரியில் வந்தது. அந்த ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. அடுத்த ஆண்டில், இந்திய, பாக்கிஸ்தானிய வதிவாளருக்கென்று வேறொரு சட்டம் வந்தது. விண்ணப்பம் செய்யலாம், ஆனால் 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன், மணமானவர் தொடர்ந்து 7 ஆண்டும் மணமாகாதவர் தொடர்ந்து 10 ஆண்டும் இலங்கையில் வசித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 12 மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால் தொடர்ச்சி அறுந்துவிடும்.

1946இலிருந்து 7 ஆண்டைக் கழித்துப் பாருங்கள்: 1939 ஜனவரி. அதாவது, யுத்தத்துக்குச் சற்று முன்னே தொடங்கி, யுத்தம் முடிந்த சில மாதத்தில் முடியும் காலம். கம்பு தின்ற காலம். குண்டுக்குப் பயந்து ஒருவன் பெண்டு பிள்ளைகளை ஊருக்கு அனுப்பினானா, எப்போது திரும்பினர், எந்தத் தோட்டத்துச் செக்ரோலில் பேர் விழுந்தது, பிள்ளை எந்த மாதம் பிறந்தது, அதற்குப் பத்திரம் உண்டா என்பனவெல்லாம் விசாரணைக்குரிய கேள்விகளாயின. பாட்டி கம்பை உள்ளங்கையில் ஊதிப் பார்த்தாள் என்பதை எந்த உத்தியோகத்தர் அத்தாட்சியாக எடுத்துக்கொள்வார்? அதற்கு முத்திரையும் இல்லை, இலக்கமும் இல்லை. தோட்டம் மாறியபோது தொலைந்த துண்டு, எழுத்துப் பிழையாக விழுந்த பெயர், இரண்டு இடத்தில் இரண்டு விதமாக எழுதப்பட்ட வயது இவையெல்லாம் குடும்பங்களின் தலைவிதியைத் தீர்த்தன.

1951 ஆகஸ்ட் 5ஆந் திகதிக்குள் 8 இலட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. ஆண்டுக்கணக்கில் விசாரித்து முடிவில் பிரஜாவுரிமை பெற்றவர்கள் ஏறக்குறைய 1,34,000 பேர். எஞ்சியவர்களைப் பங்கிடவே 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தனர். அரிசியைப் பங்கிட்டது போல மனிதரைப் பங்கிட்டார்கள் என்று அக்காலத்தவர் மனங்கசந்து சொல்வதுண்டு. கடைசியாக எஞ்சியிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டின் சட்டமே வழிசெய்தது.

தோட்டத்துப் பழைய வீடுகள் சிலவற்றில், சாமிப்படத்துக்குப் பின்னோ தகரப் பெட்டியின் அடியிலோ, மஞ்சள் பூத்த காகிதக் கட்டு ஒன்று இன்னும் கிடக்கும். செக்ரோல் நகல், பிறப்புப் பத்திரம், பள்ளி இடாப்பிலிருந்து வாத்தியார் எழுதிக் கொடுத்த சீட்டு, கிழிந்த கூப்பன். வீட்டிலுள்ள மாணவர்கள் விடுமுறை நாளொன்றில் அதனைப் பக்குவமாகப் பிரித்து வைத்துக்கொண்டு, தாத்தாவை அருகில் அமர்த்திக் கேட்கட்டும். முதலில் அவர் பிஸ்கோத்துக் கதையைத்தான் சொல்வார்.